தேக்கா மளிகைக்கடைக்கு இந்தியர் வர்த்தகச் சபை எதற்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்திலுள்ள தேக்காவில் 45 ஆண்டுகளாக நடத்திவந்த மளிகைக்கடையை அண்மையில் என் மருமகனிடம் ஒப்படைத்தேன். சாவிக்கொத்தோடு கணக்குப் புத்தகங்களையும் உரிமங்களையும் சங்கச் சந்தா ரசீதுகளையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தபோது, அவர் ரசீதுக் கட்டை மட்டும் தனியே எடுத்துவைத்துக்கொண்டு, "மாமா, எல்லா இனத்தாருக்கும் பொதுவாக ஒரு வர்த்தகச் சம்மேளனம் இருக்கும்போது இனத்துக்கு ஒரு சபை எதற்கு? இது வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடுதானே?" என்று கேட்டார். அவர் வங்கியில் வேலை பார்த்தவர். செலவு ஒவ்வொன்றுக்கும் காரணம் கேட்கும் பழக்கம் உடையவர். பாதிக் கேள்விக்கு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டேன். மீதிப் பாதிக்கு எனக்கே பதில் தெளிவாக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. தேக்காவில் இன்று கடை வைத்திருக்கும் இளையர் பலரும் இதே கேள்வியைக் கேட்பதால், என் எண்ணங்களைத் தங்கள் நாளிதழ் வழியே முன்வைக்க விரும்புகிறேன்.

வெள்ளைக்காரன் காலத்து ஏற்பாடு என்பது உண்மைதான். சிங்கப்பூரில் முதல் வர்த்தகச் சபை 1837-ஆம் ஆண்டில் தோன்றியது. அதை நாளடைவில் ஐரோப்பிய நிறுவனங்களே நடத்தின. சீன வணிகர்கள் 1906-ல் தங்களுக்கென ஒரு சபையை அமைத்துக்கொண்டார்கள். இன்றைய சிங்கப்பூர் இந்திய வர்த்தகத் தொழிற்சபை தன் வயதை 1924-லிருந்து கணக்கிடுகிறது. மலாய் வணிகர்களின் சபை 1956-ல் வந்தது. ஆட்சியாளர்களும் இந்தப் பிரிவினையை ஏற்று அதற்கு அரசியல் தகுதியே கொடுத்திருந்தார்கள். 1948-ல் சிங்கப்பூரில் முதன்முதலாகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது 6 பேரை வாக்காளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். மேலும் 3 இடங்களை ஐரோப்பியர், சீனர், இந்தியர் ஆகியோரின் வர்த்தகச் சபைகள் ஆளுக்கு ஒன்றாக நிரப்பின. இந்தியர் சபையின் சார்பில் சென்றவர், கட்ச் பகுதியிலிருந்து இளம் வயதில் இங்கு வந்து வணிகத்தில் உயர்ந்த ரஜபாலி ஜுமாபாய். ஒரு நகரத்தின் சட்டமன்றத்தில் மூன்றில் ஒரு பங்குத் தேர்தல் இடங்களை வணிகர்களே தங்களுக்குள் நிரப்பிக்கொண்டது இன்றைக்கு வியப்பாகத்தான் இருக்கிறது. 1955 தேர்தலோடு அந்தச் சலுகை ஒழிந்தது, ஒழிந்தது நியாயமே. ஆனால் சட்டமன்ற இடம் போன பிறகும் சபைகள் மூடப்படவில்லை என்பதை என் மருமகனுக்கு நினைவூட்டினேன். அரசியல் அதிகாரத்துக்காக மட்டுமே அவை இருந்திருந்தால் அந்த ஆண்டே அவற்றின் கதவு சாத்தப்பட்டிருக்கும்.

அப்படியானால் எதற்காக இருந்தன? சபை என்ற பெயர் வருவதற்கு முன்பே அந்த வேலை நடந்துகொண்டுதான் இருந்தது. மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் கிட்டங்கிகள் எனப்பட்ட பொதுக் கடைக்கூடங்களில் அடுத்தடுத்துப் பெட்டி வைத்து வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களுக்கு, பக்கத்துப் பெட்டிக்காரரின் நாணயமும் கடன் வாங்க வந்தவரின் யோக்கியதையும் விசாரிக்காமலே தெரிந்திருந்தன. கடல் கடந்த ஊர்களில் அவர்கள் கோயிலில் கூடி நடப்பு வட்டியை முடிவுசெய்த வழக்கத்தைப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். டேங்க் ரோட்டில் 1859-ல் அவர்கள் எழுப்பிய தெண்டாயுதபாணி கோயில் வழிபாட்டுக்கு மட்டுமான இடமாக இருந்திருக்க முடியாது. தகவல், நம்பிக்கை, தகராறுகளைத் தீர்க்கும் பொதுமன்றம் ஆகிய மூன்றும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்தன. ஆயினும் அந்தக் கூரை ஒரு சமூகத்தாருக்கு மட்டுமே உரியது. ஹை ஸ்ட்ரீட்டில் துணி விற்ற சிந்திகள், அரபு ஸ்ட்ரீட்டில் இருந்த குஜராத்திகளும் தமிழ் முஸ்லிம்களும், சேஞ்ச் ஆலியில் நாணயம் மாற்றியவர்கள், சிராங்கூன் ரோட்டில் அரிசியும் மல்லியும் விற்ற எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் அரசாங்கத்தின் பார்வையில் 'இந்திய வணிகர்'. ஆனால் எங்களுக்குள் பொது மொழியும் இல்லை, பொதுக் கோயிலும் இல்லை. இவர்களை ஒரு மேசையில் உட்காரவைத்ததுதான் இந்தியர் சபையின் முதற்பணி. அங்கே ஆங்கிலம் பேசப்பட்டதற்கும் அதுவே காரணம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பின்னால் ஒரு கோரிக்கை வைக்க வேண்டியிருப்பதால் இங்கே குறித்துவைக்கிறேன்.

இனவாரிச் சபைகள் சமூகங்களைப் பிரித்துவைக்கும் என்ற அச்சம் மருமகனுக்கும் அவர் வயதினருக்கும் இருக்கிறது. அதற்கு நான் சொல்லும் சான்று பீச் ரோட்டில் நிற்கும் போர் நினைவுச் சின்னம். 1962-ல் சிக்லாப் பகுதியில் மண் தோண்டியபோது, ஜப்பானியர் காலத்தில் கொன்று புதைக்கப்பட்டவர்களின் எலும்புகள் வெளிப்பட்டன. அவற்றைத் தோண்டியெடுத்து முறையாக அடக்கம் செய்யும் பொறுப்பைச் சீன வர்த்தகச் சபை ஏற்றுக்கொண்டது. தொடக்கத்தில் அது சீனர்களின் துயரம் பற்றிய முயற்சியாகவே இருந்தது. மாண்டவர்கள் எல்லா இனத்தாரும்தான் என்பதால் சின்னமும் எல்லாருக்கும் பொதுவாக இருக்க வேண்டும் என்று அரசு கருதியது, நிலத்தை ஒதுக்கியது, செலவை அரசும் சபையும் பகிர்ந்துகொண்டன. 1967 பிப்ரவரி 15 அன்று திறக்கப்பட்ட அந்தச் சின்னத்தில் 60 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கும் நான்கு தூண்கள் நான்கு சமூகங்களைக் குறிக்கின்றன. ஓர் இனத்தின் வணிகர் சபை எடுத்த வேலை நாட்டின் பொதுச் சொத்தாக முடிந்தது. அதே சீனச் சபை 1950-களில் சீனாவில் பிறந்து இங்கே குடியேறியவர்களுக்குக் குடியுரிமை கேட்டுப் போராடியதும், சட்டமன்றத்தில் ஆங்கிலம் தவிர்த்த பிற மொழிகளும் ஒலிக்க வேண்டும் என்று வற்புறுத்தியதும் வரலாறு. இன்று நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் எழுந்து தமிழில் பேச முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் சீன வணிகர்களின் அந்தப் பிடிவாதத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இதை எங்கள் கடைத்தெருவில் எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை.

இதற்காக அந்தச் சபையில் எல்லாம் சீராக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஹொக்கியன், தியோச்சியூ, கேன்டனீஸ் என்று வட்டார மொழிக் குழுக்களின் கணக்கில்தான் அங்கே நீண்டகாலம் பதவிகள் பங்கிடப்பட்டன. கொடைவள்ளல் டான் கா கீ அந்த முறையைக் கண்டித்தும் அது உடனே மாறிவிடவில்லை. ஊர்க்காரன், உறவுக்காரன் என்ற பிடிப்பு எந்தச் சமூகத்துக்கும் புதிதன்று.

பழைய கதைகளால் மருமகன் திருப்தியடையவில்லை. 'இன்றைக்கு என்ன பயன்?' என்றார். அதற்கு நான் எடுத்துச் சொன்னது எங்கள் தெருவிலுள்ள உணவகங்களின் சமையற்கட்டு. சேவைத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் ஆள் எடுக்க வேண்டுமானால், மலேசியா, சீனா, ஹாங்காங், மக்காவ், தைவான், தென்கொரியா ஆகிய இடங்களிலிருந்துதான் எடுக்கலாம் என்ற விதி நெடுங்காலம் இருந்தது. இந்த விதியை எழுதியவர்களுக்கு எந்த இனத்தின் மீதும் வெறுப்பு இருந்ததாக நான் நினைக்கவில்லை. ஆனால் அதன் விளைவு எல்லாச் சமையற்கட்டுகளிலும் ஒன்றுபோல் இருக்கவில்லை. சீன உணவகத்துக்குச் சீனாவிலிருந்து சமையற்காரர் வர வழி இருந்தது. தோசைக்கல்லில் நிற்கவும் தந்தூரி அடுப்பில் ரொட்டி சுடவும் தெரிந்தவரை இந்தியாவிலிருந்து அதே சீட்டில் கொண்டுவர வழி இல்லை. கூடுதல் சம்பளமும் தகுதிச் சான்றும் கேட்கும் எஸ் பாஸில் எடுக்க வேண்டும், அல்லது உள்ளதை வைத்துச் சமாளிக்க வேண்டும். பல கடைகளில் முதலாளியே கரண்டியைப் பிடித்தார். உணவகத் துறையினர் ஆண்டுக்கணக்கில் முறையிட்ட பிறகு, 2023 செப்டம்பர் 1 முதல் இந்திய உணவகங்களுக்குச் சமையற்காரர்களை இந்தியா, இலங்கை, பங்ளாதேஷ் உள்ளிட்ட நாடுகளிலிருந்து வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க மனிதவள அமைச்சு இடங்கொடுத்தது. குறைந்தது 2,000 வெள்ளி சம்பளம் தர வேண்டும், மொத்த ஊழியரில் 8 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்ற நிபந்தனைகளும் கூடவே வந்தன.

இந்த 8 விழுக்காட்டைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏறத்தாழ 13 பேர் வேலை செய்யும் இடத்தில்தான் ஒரு சமையற்காரர் என்ற கணக்கு முழுமையாக வருகிறது. நால்வரோ ஐவரோ வேலை செய்யும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு இந்தச் சலுகையால் என்ன கிடைத்திருக்கும் என்பது எனக்கு விளங்கவில்லை. எல்லாத் தொழிலுக்கும் பொதுவான ஓர் அமைப்பில், வங்கிகளும் கப்பல் நிறுவனங்களும் மின்னணு ஆலைகளும் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில், இந்தக் கணக்கை யார் எழுந்து பேசுவார்கள்? பேசினாலும் அன்றைய நிகழ்ச்சி நிரலில் அதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும்? பொது விதி ஒரு குறிப்பிட்ட சமூகத்தின் தொழிலில் மட்டும் வேறுவிதமாக விழும்போது அதைக் கண்டு சொல்ல அந்தத் தொழிலை அறிந்த ஒருவர் வேண்டும். இனவாரிச் சபைக்கு இன்று இருக்கும் வலுவான நியாயம் இதுவே என்பது என் கருத்து. தோல் நிறத்துக்காகவோ பழம்பெருமைக்காகவோ அச்சபை வேண்டும் என்று நான் வாதாடவில்லை.

மருமகன் குறிப்பிட்ட பொதுச் சம்மேளனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-ல் அமைந்த சிங்கப்பூர் வர்த்தகச் சம்மேளனத்தில், செலுத்தப்பட்ட மூலதனம் 5 லட்சம் வெள்ளி அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் சட்டப்படி தாமாகவே உறுப்பினராகிவிடுகின்றன. அது செய்யும் வேலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. கடை வாடகை ஒப்பந்தங்களில் நேர்மை வேண்டும் என்று அது முன்னின்று நடத்திய பேச்சுவார்த்தையின் தொடர்ச்சியாகத்தான், ஓராண்டுக்கு மேற்பட்ட சில்லறைக்கடை ஒப்பந்தங்களுக்கு நடத்தை நெறியைக் கட்டாயமாக்கும் சட்டம் 2024 பிப்ரவரி 1 அன்று நடப்புக்கு வந்தது. வாடகைக்கு இரண்டு கணக்கு எழுதிவைத்து எது கூடுதலோ அதை வசூலிக்கும் வழக்கத்துக்கு அந்த நெறி கட்டுப்பாடு விதிக்கிறது. இதெல்லாம் நன்மையே. ஆனால் பஃபலோ ரோட்டில் வாழையிலையும் கறிவேப்பிலையும் விற்பவரின் மூலதனம் 5 லட்சத்தின் பக்கத்தில்கூட வராது. பலர் கம்பெனியாகவே பதிவுசெய்யாமல் தனி உரிமையாளராக இருக்கிறார்கள். சட்டம் வந்த செய்தி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, புதுப்பிக்க வந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துச் சொல்ல யாராவது இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

அந்த இடைவெளியை நிரப்பத் தேவையான கருவிகள் இந்தியர் சபையிடம் இருக்கின்றன. நிறுவனங்களின் வளர்ச்சிக்கு உதவும் அரசு அமைப்பான எண்டர்பிரைஸ் சிங்கப்பூரின் ஆதரவோடு இயங்கும் சிறிய, நடுத்தர நிறுவனங்களுக்கான ஆலோசனை மையங்கள் சீன, இந்திய, மலாய் சபைகள் மூன்றிலும் அமைந்துள்ளன. சரக்கை மறு ஏற்றுமதி செய்யும் வணிகருக்கு அது எந்த நாட்டில் விளைந்தது என்பதற்கான சாதாரண மூலச் சான்றிதழைச் சபையே முத்திரையிட்டுத் தரலாம். வரிச்சலுகை தரும் சான்றிதழுக்கு மட்டும் சுங்கத்துறைக்குப் போக வேண்டும். ஒருமுறை மஞ்சளும் மிளகும் வெளிநாட்டுக்கு அனுப்பியபோதுதான் அந்த முத்திரையின் அருமை எனக்குத் தெரிந்தது. துறைமுகத்தில் காத்திருக்கும் பெட்டிக்கு நாள்தோறும் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்போது, ஒரு காகிதத்தை எங்கே வாங்க வேண்டும் என்று தெரிந்திருப்பதே பாதி வியாபாரம்.

தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் கடையில் கணினிக் கல்லாவும் இருப்புக் கணக்கு மென்பொருளும் வைக்க அரசு மானியம் கிடைக்கும் என்று கேள்விப்பட்டேன். படிவம் முழுதும் ஆங்கிலம். எனக்கு ஆங்கிலம் பேச வரும். ஆனால் அந்தப் படிவத்தின் ஆங்கிலம் வேறு. ஆலோசகர் என்று சொல்லிக்கொண்டு கடைக்கு வந்த ஒருவர் எல்லாவற்றையும் தாமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி முன்பணம் வாங்கினார். விண்ணப்பத்தில் பிழை இருந்ததால் அது திரும்பியது, பணம் திரும்பவில்லை. அதே விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லாமல் உதவும் ஆலோசகர்கள் சபையின் மையத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அதன் பிறகுதான் தெரிந்தது. பல ஆண்டு உறுப்பினராக இருந்தும் அதை விசாரிக்காதது என் தவறு. எனினும் தேக்காவில் இப்படித் தவறியவன் நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த மதுக் கட்டுப்பாடுகள், 2020-ல் வெளிநாட்டு ஊழியர்கள் தங்குவிடுதிகளை விட்டு வெளியே வர முடியாமல்போன மாதங்கள், 2022-ல் ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவுக்கு வர அவர்களுக்குத் தேவைப்பட்ட அனுமதி எல்லாம் எங்கள் கல்லாவைத்தான் முதலில் தொட்டன. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தை நம்பியிருந்த கடைகள் அவை. அந்தச் சமயங்களில் எங்கள் கடைவாசலில் நின்று பேசியவர்கள் பெரும்பாலும் 2000-ல் தொடங்கப்பட்ட லிஷா, அதாவது லிட்டில் இந்தியாக் கடைக்காரர்கள் மரபுடைமைச் சங்கத்தினர். தீபாவளி விளக்குகளுக்கும் கடைத்தெருச் சந்தைக்கும் பெயர்பெற்ற சங்கம் என்றாலும், குப்பைத்தொட்டி முதல் கூட்ட நெரிசல் வரை அது கேட்டுக்கொள்கிறது. தெருச்சங்கம் காதாக இருக்கலாம். அமைச்சுக்குப் போய்ப் பேசும் குரல் பெரிய சபையிடம்தான் இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில் செய்தி ஒழுங்காகப் போய்வருகிறதா என்பதைச் சபையின் நிர்வாகக் குழுவினர்தான் சொல்ல வேண்டும்.

என் மனக்குறையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எந்த இனத்தின் சபையானாலும், காலப்போக்கில் விருந்துகளும் விருதளிப்புகளும் வெளிநாட்டுப் பயணக் குழுக்களும் அதன் முகமாகிவிடும் ஆபத்து உண்டு. 2005-ல் இந்தியாவோடு கையெழுத்தான பொருளியல் ஒத்துழைப்பு உடன்பாட்டுக்குப் பிறகு, முதலீடு செய்யவும் மென்பொருள் விற்கவும் இந்தியாவுக்குப் போகும் நிறுவனங்களுக்கு வழிகாட்டுவது சபைக்கு இயல்பான பணியே. அப்பணியில் ஈடுபடும் புதிய தலைமுறை முதலாளிகள் சபைக்கு வலு சேர்க்கிறார்கள். அவர்களை வெளியாராகப் பார்க்கும் சிலரோடு எனக்கு உடன்பாடில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு முதலில் வந்த செட்டியாரும் ஒரு நாள் புதியவராகத்தான் கப்பலிலிருந்து இறங்கினார். ஆனால் மும்பைக்குப் பயணக் குழு அனுப்ப இன்று வேறு பல அமைப்புகளாலும் முடியும். சிராங்கூன் ரோட்டுப் பூக்கடைக்காரரிடம் தமிழில் உட்கார்ந்து வரிப் படிவத்தை விளக்க வேறு யாருக்கு வாய்ப்பிருக்கிறது?

எனவே சபையின் பொறுப்பாளர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். சபையின் அலுவலகம் ஸ்டான்லி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது. தேக்காவிலிருந்து ரயிலில் ஆறு நிலையத் தூரம்தான். ஆனால் கல்லாவில் மாற்றி உட்கார ஆளில்லாத ஒருவருக்கு அது அடுத்த ஊர் மாதிரி. வாரத்தில் ஒரு பிற்பகல், வியாபாரம் ஓய்ந்திருக்கும் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே, தமிழ் தெரிந்த ஓர் ஆலோசகர் தேக்காவிலேயே மேசை போட்டு உட்கார்ந்தால் போதும். கேட்டுவர ஆளில்லை என்று யாரும் சொல்ல முடியாத அளவுக்குக் கூட்டம் வரும். முதல் வாரம் நானே ஐந்து கடைக்காரர்களை அழைத்துவருகிறேன். இரண்டாவதாக, மனிதவள விதி, வாடகைச் சட்டம், மின்னியல் விலைப்பட்டியல் (இ-இன்வாய்ஸ்) போன்ற மாற்றங்கள் வரும்போது சபை வெளியிடும் குறிப்புகளில் ஒரு பக்கமாவது எளிய தமிழில் இருக்கட்டும். இதனால் குஜராத்தியருக்கோ பஞ்சாபியருக்கோ எந்தக் குறையும் நேராது. அவர்களுக்கும் வேண்டிய மொழியில் செய்யட்டும். மூன்றாவது வேண்டுகோள்தான் எனக்கு முக்கியமானது. சிறு கடைக்காரர்கள் சபையிடம் கொண்டுவந்த முறையீடுகள் எத்தனை, அவற்றில் அமைச்சுகளுக்கு எடுத்துச் செல்லப்பட்டவை எத்தனை, கிடைத்த பதில் என்ன என்பதை ஆண்டறிக்கையில் அச்சிட வேண்டும். நிழற்படங்களுக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டு இதற்குப் போதும்.

கடைக்காரர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. சந்தா கட்டிவிட்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போகாதவர்களில் நானும் ஒருவன். கடை அடைக்க முடியாது என்பது எங்கள் வழக்கமான சாக்கு. கல்லாவை ஒரு மாலை மனைவியிடமோ மகனிடமோ கொடுத்துவிட்டுப் போயிருந்தால், மேலே சொன்ன எட்டு விழுக்காட்டுக் கணக்கை அங்கேயே எழுந்து கேட்டிருக்கலாம். சிறியவர்கள் வராத கூட்டத்தில் பெரியவர்களின் விவகாரமே பேசப்படுகிறது என்று பிறகு குறைகூற எனக்குத் தகுதியில்லை.

என் மருமகன் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டிவிட்டார். அடுத்த ஆண்டுக்கு இன்னும் முடிவு செய்யவில்லையாம். கடையின் வாடகை ஒப்பந்தம் சில மாதங்களில் புதுப்பிக்கப்பட வேண்டியிருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு சபைக்குப் போய், படித்து விளக்கச் சொல்லப் போகிறார். அங்கே கிடைக்கும் உதவியைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மளிகை வணிகர் ஒருவர்,
தேக்கா, சிங்கப்பூர்.